தத்துவம் படிச்சா என்ன வேலை?

ரொம்ப நாளாச்சு எழுதி. நடுவில் வருஷக் கடைசிக் கணக்கு, தணிக்கை, ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மாதங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கு உட்கார வைத்தது என் மகள்.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆப்பமும் கடலைக்கறியும். (பர்மிங்ஹாம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆனாலும் எங்கள் வீட்டு ஞாயிறு இன்னும் கரமனையில்தான் விடிகிறது.) அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நான் யுனிவர்சிட்டியில தத்துவமும் அரசியலும் படிக்கப் போறேன். நாலு வருஷம். மூணாவது வருஷம் வெளிநாட்டுல."

"நாம இருக்கதே வெளிநாடுதானே மக்கா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரி மட்டும் லேசாகச் சிரித்தாள், அதுவும் நான் அடுத்து என்ன கேட்பேன் என்று தெரிந்ததால்.

கேட்டேன். "அதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

நான் பி.காம். சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவரின் மகன். எனக்குப் படிப்பு என்றால் ஒரு முனையில் பீஸ், மறுமுனையில் சம்பளம், நடுவில் சில வருஷம். வங்கியில் கடன் பிரிவில் இருப்பவனுக்கு வேறு மாதிரி யோசிக்க வராது. பெண்ணுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆக்சுவரி படிக்கட்டும் என்று நான் மனசுக்குள் ஐந்து வருஷத் திட்டமே போட்டு வைத்திருந்தேன்.

அவள் திருப்பிக் கேட்டாள்: "உங்க ஊர்ல யாருமே இதெல்லாம் படிக்கலையா?"

"இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நம் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் யார்? திருவனந்தபுரத்துத் தத்துவப் பேராசிரியர்! அதற்கப்புறம் மாதக்கணக்கில் ராத்திரி நேரங்களில் இதையே படித்துக்கொண்டிருந்தேன். மகளை மடக்கலாம் என்றுதான் ஆரம்பித்தது. போய்ச் சேர்ந்த இடம் வேறு.

முதலில் கல்லூரி. பாளையத்தில் இன்று யுனிவர்சிட்டி காலேஜ் என்று நிற்கிறதே, அதன் மூலம் 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிக்கூடம். நாகர்கோவிலில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்த ஜான் ராபர்ட்ஸ் என்பவரை வரவழைத்துத்தான் நடத்தினார்கள். (நாஞ்சில் நாட்டிலிருந்து வேலைக்குத் திருவனந்தபுரம் போவது அப்போதே ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது.) 1866-ல் அது கல்லூரி ஆனது. பட்டம் கொடுப்பது சென்னைப் பல்கலைக்கழகம். மகாராஜாஸ் காலேஜ் என்பது பெயர்.

சமஸ்தானத்துக்கு எதற்குக் கல்லூரி? ஆங்கிலம் தெரிந்த உத்தியோகஸ்தர்கள் வேண்டும், அதற்குத்தான். வரி, நிலம், கோர்ட், உப்பு, அஞ்சல் எல்லாம் புதுமாதிரி நிர்வாகமாக மாறிக்கொண்டிருந்த காலம். பி.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டவனுக்குச் சர்க்கார் வேலைக்கு வழி திறந்தது. உள்ளே அவன் படித்தது தத்துவமா, சரித்திரமா என்று யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. ஆக, என் கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டுத் திருவனந்தபுரத்தில் நேரான பதில் இருந்தது. தத்துவம் படித்தால் சர்க்கார் உத்தியோகம்.

சுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையே இதற்கு அத்தாட்சி. 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். தமிழ் வேளாளர் குடும்பம். மகாராஜாஸ் கல்லூரியில் 1876-ல் பி.ஏ. பிறகு திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் (பிற்காலத்து இந்துக் கல்லூரியின் முன்னோடி). திரும்பி வந்து 1880-ல் தத்துவத்தில் எம்.ஏ. அதற்கப்புறம் என்ன வேலை பார்த்தார் என்று நினைக்கிறீர்கள்? அரண்மனையில் பிறவகை வருமானங்களைக் கவனிக்கும் சிரஸ்தார்! தத்துவ எம்.ஏ. வரிக்கணக்குப் பார்த்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மகளிடம் போய், "பாத்தியா, கடைசியில கணக்குக்குத்தான் வரணும்" என்றேன். "மூணு வருஷத்துல திரும்பி ஓடிட்டார்னு அதே பக்கத்துலயே போட்டிருக்கே" என்றாள்.

உண்மைதான். 1885-ல் அவர் கல்லூரிக்கே திரும்பிவிட்டார், தத்துவப் பேராசிரியராக. அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் ராபர்ட் ஹார்வி. சுந்தரம் பிள்ளைக்கு ஆசிரியர். இந்த இரண்டு பேரின் உறவு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 1891-ல் 'மனோன்மணீயம்' நாடகத்தைப் பிள்ளை அச்சில் கொண்டுவந்தபோது அதை ஹார்விக்குத்தான் சமர்ப்பித்தார். பேரூர்க்கடையில் தான் வீடு கட்டி வாழ்ந்த இடத்துக்கு ஹார்விபுரம் என்று பேர் வைத்தார். வாத்தியார் பேரில் ஊர்! நாம் பிள்ளைக்குப் பேர் வைப்போம், கடைக்குப் பேர் வைப்போம். தத்துவ வாத்தியார் பேரை நிலத்துக்கு வைத்தவர் வேறு யாராவது இருக்கிறார்களா தெரியவில்லை.

இந்த மனிதர் மேல்நாட்டுக்குப் படிக்கப் போனவரில்லை. ஆனால் மேல்நாடு அவர் மேஜைக்கு வந்திருந்தது. மனோன்மணீயத்தின் கதைக்கரு லிட்டன் பிரபு எழுதிய ஒரு ஆங்கிலக் கதை. அதை எடுத்துப் பாண்டிய நாட்டில் நட்டு, கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளிடம் தான் கற்ற வேதாந்தத்தையும் சைவத்தையும் ஊற்றி வளர்த்திருக்கிறார். இன்னொரு பக்கம் கல்வெட்டுகளைத் தேடி அலைந்து திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி செய்தார். ஞானசம்பந்தர் காலத்தை நிர்ணயிக்கக் கட்டுரை எழுதினார். 'நூற்றொகை விளக்கம்' என்று ஒன்று. உலகத்தில் என்னென்ன சாஸ்திரங்கள் இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று எப்படி உறவு என்று தமிழில் வகைப்படுத்திச் சொல்வது. என் மகள் படிக்கப்போகும் படிப்பின் முதல் வருஷப் பாடத்திட்டம் போலத்தான் இருக்கிறது விஷயம். 1897-ல், 42 வயதில் போய்விட்டார். 42! என்னைவிடச் சின்னவர்.

நிற்க.

மனோன்மணீயம் வந்த அதே 1891-ல், அதே திருவனந்தபுரத்தில், வேறொரு காகிதமும் வந்தது. தமிழ்த் தெய்வத்தை வாழ்த்தும் பாட்டு அச்சேறிய வருஷத்தில்தான், தமிழர்களுக்கு எதிரான மனுவும் மகாராஜா கைக்குப் போனது. இதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த இடம்.

மலையாளி மெமோரியல் என்பார்கள். பத்தாயிரத்துக்கு மேல் கையெழுத்து. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவுக்கு 1891 ஜனவரியில் கொடுத்தது. சாராம்சம் இவ்வளவுதான்: எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு நிற்கிறார்கள். பெரிய உத்தியோகமெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்களுக்கே போகிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் என்றால் பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர்கள். திருவிதாங்கூர் திருவிதாங்கூர்க்காரர்களுக்கே என்பதுதான் கோஷம். திவான்கள் தலைமுறை தலைமுறையாகத் தஞ்சாவூர், கும்பகோணம், சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். திவான் வந்தால் அவரோடு சித்தப்பா மகன், மச்சினன், மாமா பையன் என்று ஒரு ஊரே வண்டியேறும் என்பது மனுவில் நேரடியாக இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

நான் சின்ன வயதில் கரமனையில் பள்ளிக்கூடம் போகும்போது பையன்கள் என்னைப் "பாண்டி" என்று கூப்பிடுவார்கள். தமிழன் என்றால் அங்கே அதுதான் பேர். லீவுக்குச் சுசீந்திரம் போனால் அத்தை பிள்ளைகள் "மலையாளத்தான் வந்துட்டான்" என்பார்கள். இரண்டுக்கும் பழகிவிட்டேன். ஆனால் அந்தப் "பாண்டி"க்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது, அதில் நியாயம் முழுக்க நம் பக்கம் இல்லை என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கே வந்த புதிதில், முதலில் வேலை பார்த்த இடத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒருவர் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னார், "உங்க ஆட்களாகவே இருக்காங்களே இப்பல்லாம், எங்க பசங்க எங்க போவாங்க?" அன்று முழுக்க வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் அரை மணி நேரம் பொருமினேன். மலையாளி மெமோரியலைப் படித்தபோது அந்த ஆளின் முகம் ஞாபகம் வந்தது. அவர் கேட்டதையே பத்தாயிரம் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள், நம் ஆட்களைப் பார்த்து. அப்போது நாற்காலியில் இருந்தவர்கள் நாம்.

கேட்டவர்களில் முக்கியமானவர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை. 1864-ல் பிறந்த திருவனந்தபுரத்துக்காரர். மகாராஜாஸ் கல்லூரி மாணவர். திவான் ஆட்சியைத் தாக்கிப் பத்திரிகையில் எழுதியதற்காகக் கல்லூரியைவிட்டே போக வேண்டி வந்தது. சென்னைக்குப் போய்ப் படித்து, 'மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்' பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். பிறகு லண்டன் போய் பாரிஸ்டர். 1903-ல் இறந்தார். அரசியலை வகுப்பில் படிக்காமல், கல்லூரியைவிட்டு வெளியே போய்ப் படித்தவர் என்று சொல்லலாம்.

இவரைத் தமிழர் விரோதி என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்றால் அதுவும் முடியவில்லை. 1896-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு இளம் வக்கீல் சென்னைக்கு வந்தார், அங்கே நேட்டாலில் நம் ஆட்கள் படும் பாட்டைச் சொல்ல. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். முதலாளியிடம் அடி வாங்கிப் பல் உடைந்து அந்த வக்கீலிடம் வந்து நின்ற பாலசுந்தரமும் தமிழர்தான். வக்கீல், காந்தி. சென்னையில் தனக்கு மிகப் பெரிய உதவி பரமேஸ்வரன் பிள்ளையிடமிருந்து கிடைத்தது என்று சத்திய சோதனையில் காந்தியே எழுதியிருக்கிறார். தன் ஊரில் தமிழ் அதிகாரியை எதிர்த்தவர், கடலுக்கு அப்பால் தமிழ்க் கூலிக்குத் துணை நின்றிருக்கிறார். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே மனசுதான். யார் நாற்காலியில் இருக்கிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்.

ஆனால் வாசலிலும் வரிசை உண்டு. மெமோரியலில் கையெழுத்துப் போட்டவர்களில் டாக்டர் பல்ப்புவும் ஒருவர். ஈழவர். மருத்துவம் படித்து முடித்தும் சொந்த சமஸ்தானத்தில் வேலை கிடைக்காமல் மைசூர் சர்க்காரில் சேர்ந்தவர். பிற்பாடு இங்கிலாந்து வந்தும் படித்திருக்கிறார். அவருடைய கேள்வி இன்னும் கூர்மையானது: வெளியூர்க்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்பது சரி, அவன் எழுந்தால் அந்த நாற்காலியில் நான் உட்காரலாமா? முடியாது என்பதுதான் பதிலாக இருந்தது. அதனால் 1896-ல் ஈழவர்களுக்காகத் தனியே ஒரு மெமோரியல், 13,176 கையெழுத்துடன்.

இந்த இடத்தில் ஒரு 45 வருஷம் தாண்டுகிறேன். நடுவில் நடந்தவை நிறைய. ஒன்று மட்டும். 1936 நவம்பர் 12, கோயில் நுழைவுப் பிரகடனம். சித்திரைத் திருநாள் மகாராஜா, திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் (அவரும் நம் பக்கத்துக்காரர்தான்). இந்தியாவே பாராட்டியது. அடுத்த வருஷம் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், துணைவேந்தர் சி.பி.யே. இனிமேல் பட்டம் வாங்கச் சென்னையைப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1940-ல் ஒரு பையன் வருகிறான். கோட்டயம் பக்கம் உழவூர். அப்பா ராமன் வைத்தியர், நாட்டு வைத்தியம். ஏழு பிள்ளைகளில் நாலாவது. தலித் குடும்பம். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சுமார் 15 கிலோமீட்டர் நடை. பீஸ் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டிருக்கிறான். ஆஸ்துமாவால் வீட்டிலேயே கிடந்த அண்ணன், மற்றவர்களிடம் புத்தகம் வாங்கி ராத்திரி பகலாகக் கையால் எழுதித் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார். அந்த அண்ணனைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.

பையன் பேர் கே. ஆர். நாராயணன். இனிமேல் 'அவர்' என்றே எழுதுகிறேன், குடியரசுத் தலைவரை 'அவன்' என்று எழுதக் கை கூசுகிறது.

அவர் திருவனந்தபுரத்தில் படித்தது தத்துவமோ அரசியலோ அல்ல, ஆங்கில இலக்கியம். 1943-ல் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். விரிவுரையாளர் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. எழுத்தர் வேலை வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள் என்றும், பட்டமளிப்பு விழாவுக்கே அவர் போகவில்லை என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். கோயில் கதவு திறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

இதை மகளிடம் சொன்ன அன்றைக்கு நான் தோற்றேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்: "ஃபர்ஸ்ட் ராங்க் வாங்கியும் வேலை இல்லன்னா, அது சப்ஜெக்ட்டோட தப்பாப்பா? நீங்க என்கிட்ட என்ன வேலைன்னு கேக்குறீங்க. அவங்ககிட்ட ஏன் வேலை குடுக்கலன்னு கேக்குறதுக்குத்தான் நான் படிக்கிறேன்."

பதில் சொல்லாமல் டீ போட எழுந்து போய்விட்டேன்.

நாராயணன் டில்லிக்குப் போனார். பத்திரிகை வேலை. 'தி ஹிந்து', 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' இரண்டிலும். 1945 ஏப்ரல் 10 அன்று பம்பாயில் காந்தியைப் பேட்டி கண்டார். அதே வருஷம் டாடா உதவியோடு லண்டனுக்குப் புறப்பட்டார். (ஒரு வங்கிக்காரனாக இதைச் சொல்லாமல் போக முடியாது. ஜாம்ஷெட்ஜி டாடா 1892-ல் தொடங்கிய அறக்கட்டளை, மேல்நாட்டுப் படிப்புக்குக் கொடுப்பதைத் தானமாகக் கொடுப்பதில்லை, கடன் உதவித்தொகையாகக் கொடுக்கிறது. ஒருவர் திருப்பிக் கட்டினால் அடுத்தவர் போகலாம். அடமானமாக மனிதனையே நம்புகிற கடன். எங்கள் பிரிவில் இதற்கு ஒப்புதல் வாங்க முடியாது!)

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், யுத்தத்தில் கேம்பிரிட்ஜுக்கு இடம் மாறியிருந்து அந்த 1945-ல்தான் லண்டனுக்குத் திரும்பியிருந்தது. குண்டு விழுந்த ஊர். 1946-ல் ரொட்டிக்கே ரேஷன், யுத்த காலத்தில்கூட ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. 1947 ஆரம்பத்தில் வந்த குளிரை இந்த நாட்டுக் கிழவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் வகுப்பறைக்குள் நல்ல சூடு. அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கி, இடதுசாரி, லேபர் கட்சிக்கு அப்போது தலைவராக இருந்தவர். அதே கட்டிடத்தில் ஃபிரடெரிக் ஹாயக், லாஸ்கியின் அரசியல் கடைசியில் அடிமைத்தனத்தில் கொண்டுபோய் விடும் என்று புத்தகமே எழுதியவர். 1946-ல் தத்துவம் சொல்லித்தர கார்ல் பாப்பர் வந்து சேர்ந்தார். நாராயணன் லாஸ்கியின் மாணவர், ஆனால் பாப்பர், ஹாயக் வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்திருக்கிறார். என் மகள் விண்ணப்பத்தில் 'தத்துவமும் அரசியலும்' என்று ஒரு வரியில் எழுதியது, அங்கே தாழ்வாரத்தில் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்தது.

வகுப்பைவிட எனக்குப் பிடித்தது அவர் தங்கியிருந்த இடம்தான். கூடத் தங்கியிருந்தவர்கள் யார் யார் தெரியுமா? ஒருவர் கே. என். ராஜ், திருச்சூர்ப் பக்கத்துக்காரர், பொருளாதாரம். இன்னொருவர் வீராசாமி ரிங்கடு. ஆமாம், வீராசாமி! மொரீஷியஸ் தமிழர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்ட நம் ஜனத்தின் வம்சம். ஒரே தங்குமிடத்தில் சமஸ்தானம் வேலை கொடுக்காத தலித் இளைஞர், மலையாளி, கடல் கடந்த தமிழர். பாண்டி, மலையாளத்தான் சண்டையெல்லாம் அங்கே எடுபட்டிருக்காது என்று நினைக்கிறேன். மூன்று பேருக்கும் ஒரே ரேஷன் ரொட்டி.

1992 மார்ச்சில் ரிங்கடு மொரீஷியஸ் குடியரசின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார் (சில மாதங்கள்தான்). அதே வருஷம் ஆகஸ்டில் நாராயணன் இந்தியாவின் துணைக் குடியரசுத் தலைவர், 1997-ல் குடியரசுத் தலைவர். ராஜ் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் வேலை செய்து, டில்லியில் துணைவேந்தராக இருந்து, கடைசியில் திருவனந்தபுரத்துக்கே வந்தார். 1971-ல் உள்ளூரில் (ஊர்ப் பேரே உள்ளூர்தான்) வளர்ச்சி ஆய்வு மையம் தொடங்கினார். லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டிடம், பூசாத சுவர்கள், ஓட்டை ஓட்டையாகச் செங்கல் ஜாலி. சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது, பாதிக் கட்டி நிறுத்திய கட்டிடம் என்றே நினைத்திருந்தேன்.

நாராயணன் 1948-ல் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பும்போது லாஸ்கி நேருவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். பிற்பாடு நாராயணனே இதைச் சொல்லியிருக்கிறார். நேருவைப் பார்த்து லண்டன், இந்தியா என்று பேசிவிட்டு, எழுந்து வரும்போதுதான் கடிதத்தைக் கொடுத்திருக்கிறார். வாசலுக்குப் போகுமுன் நேரு கைதட்டித் திரும்பக் கூப்பிட்டு, இதை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டாராம். 1949-ல் வெளியுறவுப் பணி. முதல் ஊர் ரங்கூன். சிபாரிசுக் கடிதத்தைக் கடைசியில் கொடுத்த மனிதர்! நம் ஊரில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் செருப்பையே கழற்றுவோம்.

டிசம்பர் லீவில் ஊருக்குப் போயிருந்தோம். அம்மாவின் கண்ணைப் பார்க்க. மகள் கேட்டாள் என்று பாளையத்தில் கல்லூரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு ஆட்டோ பிடித்து, "ஹார்விபுரம் போணும்" என்றேன். ஆட்டோக்காரருக்குப் புரியவில்லை. பேரூர்க்கடை என்றதும், "ஓ, லா அகாடமியானோ?" என்றார். ஆமாம், சுந்தரம் பிள்ளை குடும்பத்து நிலத்தின் ஒரு பகுதியில் இன்று சட்டக் கல்லூரி. அவர் மகன் நடராஜ பிள்ளை திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் போராட்டத்தில் இறங்கியதால் சி.பி. காலத்தில் சர்க்கார் அந்த நிலத்தைப் பறிமுதல் செய்துவிட்டது. தமிழ்த் திவான், தமிழ்ப் பேராசிரியரின் மகன் நிலத்தை எடுத்துக்கொள்கிறார், மகன் மலையாளிகளோடு சேர்ந்து பொறுப்பாட்சி கேட்டதற்காக. அந்த மகன் பிற்காலத்தில், 1954-ல், திருவிதாங்கூர்-கொச்சிக்கு நிதி மந்திரியாகி நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார். தத்துவ வாத்தியார் வீட்டில் மறுபடியும் கணக்குப்பிள்ளை! மகளிடம் சொன்னேன். இந்த முறை சிரித்தாள்.

ஜனவரியில் விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்துவிட்டது. செலவுக் கணக்கும் பார்த்துவிட்டேன், பழக்கதோஷம். இங்கிலாந்தில் 2025-26க்கு ஒரு வருஷக் கட்டண உச்சவரம்பு 9,535 பவுண்டு. முழு வருஷமும் வெளிநாட்டில் படிப்பதானால் அந்த வருஷத்துக்கு அதிகபட்சம் 1,430தான். அங்கே தங்குவதும் சாப்பிடுவதும் தனி. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கேட்டால் உதவட்டும் என்று எழுதுகிறேன். விடுதி அறைக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டார்கள். மற்றவர்களுக்கு எத்தனையோ ஜாமீன் பத்திரங்களைச் சரிபார்த்திருக்கிறேன், என் பேரில் ஒன்றைப் போடும்போது கை கொஞ்சம் நின்றது. போட்டுவிட்டேன்.

வெளிநாட்டு வருஷத்துக்கு எந்த ஊர் என்று இன்னும் முடிவாகவில்லை. பட்டியலில் கனடா இருக்கிறது, நெதர்லாந்து இருக்கிறது, இந்தியாவும் இருக்கிறது. "இந்தியா எனக்கு வெளிநாடா இல்லையா, அதுக்கே ஒரு கட்டுரை எழுதலாம் போலிருக்கே" என்கிறாள்.

போன வாரம் அம்மாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். தத்துவமும் அரசியலும் என்றால் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. "மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை படிச்ச படிப்பும்மா" என்றேன். சுந்தரம் பிள்ளை 1885-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சைவப் பிரகாச சபை வழியாக அம்மாவுக்கு அவர் பேர் நன்றாகத் தெரியும்.

"அப்படியா? அவரு நல்லாப் படிச்சவருல்லா..." என்றாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டாள்: "அவரு சர்க்கார் உத்தியோகத்துல இருந்தாரே. பிள்ளைக்கு அங்க அதெல்லாம் குடுப்பானா?"